நீரோவின் மேடைக் கல்

விளாங்குடி, மதுரை
20.7.2024

அன்புள்ள தங்கை கனகாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, நாக்பூரில் மழை இறங்கிவிட்டதா என்று எழுது. போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேண்ணே" என்று முடித்துவிடுகிறாய். எனக்கும் போனில் பேச்சு வராது. நான் ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். மருமகள் ரோகிணி, "மாமா, எழுதினத போட்டோ எடுத்து அனுப்புனா ரெண்டு நிமிசத்துல அத்தைக்குப் போயிரும்" என்கிறாள். வேண்டாம், தபாலிலேயே போகட்டும் என்றேன். நீ மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம் இது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பவதாரிணி. ஓடைக்கரைத் தங்கப்பொண்ணுவின் பேத்தி. இன்ஜினியரிங் படித்துவிட்டு இப்போது நம் ஊராட்சிக்குத் தலைவியாக இருக்கிறாள். நம் அப்பா தலைவராக உட்கார்ந்திருந்த அதே அறை, அதே மேசை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கூட வந்தவன் முகேஷ், வார்டு உறுப்பினர், கொஞ்சம் வாய்த்துடுக்கு.

நாடக மேடையை இடிக்கப் போகிறார்கள். தூண் வெடித்துக் கம்பி தெரிகிறதாம். அந்த இடத்தில் நூலகம் வருகிறது. இதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மேடையின் முகப்பில் அப்பா பெயரோடு ஒரு கல் இருக்கிறதே, "ஊராட்சி மன்றத் தலைவர் திரு. முத்திருளன் அவர்களின் பெருமுயற்சியால் கட்டப்பட்டது, 1976" என்று. அதை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. உடைத்துப் போடு என்கிறார்கள் சிலர். எழுத்தைக் கீழே கவிழ்த்து நூலகத்துக்குப் படியாகப் போடு என்கிறார்கள் சிலர். குடும்பத்தாரிடம் கொடுத்துவிடலாம் என்று நம் பங்காளிகள் சொல்கிறார்களாம். ஆகஸ்டு பதினைந்து கிராம சபையில் முடிவு எடுப்பார்கள்.

அந்தப் பெண் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் நேராகவே கேட்டாள். "ஐயா, உங்கப்பா ஆள் வச்சு எங்க தெருவக் கொளுத்துனாருன்டு பாதி ஊரு சொல்லுது. இல்லன்டு பாதி ஊரு சொல்லுது. எங்க அப்பத்தா மட்டும்தான் அன்னைக்கு அங்கன இருந்த ஆளுகள்ல மிச்சம். அது வாயவே தொறக்க மாட்டேங்குது. நீங்க ஹிஸ்டரி ப்ரொபசர். சபையில வந்து நடந்தது என்னன்டு சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சு நாங்க முடிவெடுத்துக்கிறோம்."

நான் என் ஆராய்ச்சி எல்லாம் ரோமாபுரியைப் பற்றியது, நம் ஊரைப் பற்றி இல்லை என்றேன். உடனே முகேஷ், "ரோம் வரைக்கும் போயிட்டு வந்துட்டீங்க ப்ரொபசர் ஐயா, உசிலம்பட்டி பஸ்ஸுல ஏற மட்டும் பயமா?" என்று கேட்டான். பவதாரிணி அவனை அதட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ரோமாபுரிக்குப் போனதே அந்தச் சுவரெழுத்தால்தான். மேடை கட்டிய மறுவருஷம் தேர்தலில் எதிர்த்தரப்பார் உசிலம்பட்டி ரோடு நெடுகச் சுண்ணாம்பில் எழுதினார்களே, "தெரு எரிய பாட்டுப் பாடிய நீரோவே, பதில் சொல்" என்று. அதற்குப் பிறகு அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நம் வீடு நீரோ வீடு, நான் நீரோ மகன். அப்போது மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி யாரிடமும் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த ராஜாவைப் பற்றிப் படிக்கத் துணிச்சல் தேவைப்படவில்லை. நூலகத்தில் புத்தகம் இருந்தது.

படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். நீரோ பிடில் வாசிக்கவில்லை. அந்தக் காலத்தில் பிடில் என்ற வாத்தியமே கிடையாது. ரோம் பற்றிக்கொண்டபோது அவன் ஊரிலேயே இல்லை, கடற்கரை ஊரான அன்டியத்தில் இருந்தான். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானியத்தின் விலையைக் குறைத்தான். பாட்டுப் பாடினான் என்பது வதந்தி. அந்தத் தீயைப் பற்றி நமக்கு எழுதிவைத்த மூவரில் ஒருவர் அப்போது சிறுபிள்ளை. மற்ற இருவர் பிறக்கவே இல்லை. எழுதிய காலத்தில் நீரோவின் வம்சம் அழிந்து வேறு வம்சங்கள் ஆண்டன. செத்துப்போன ராஜாவைத் திட்டுவதற்கு யாருக்கும் பயம் இல்லாத காலம் அது.

இதையெல்லாம் கண்டுபிடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது சந்தேகப்படுகிறேன். ஏனென்றால் மற்றதும் அதே புத்தகங்களில் இருக்கிறது. பெற்ற தாயைக் கொல்லச் சொன்னவன் அவன். கட்டிய மனைவியையும் கொல்லச் சொன்னான். தீக்குக் காரணம் என்று ஒரு பாவப்பட்ட கூட்டத்தின் மேல் பழியைப் போட்டு, அவர்களை உயிரோடு கொளுத்தினான். எரிந்த நிலத்தில் தனக்குப் பொன்மாளிகை கட்டிக்கொண்டான். இவன் நெருப்பு வைத்திருப்பான் என்று ஜனங்கள் நம்பியது அந்த மாளிகையைப் பார்த்துத்தான். அதைப் படிக்கும்போதெல்லாம் எரிந்த தெருவின் இடத்திலேயே அப்பா கட்டிய நம் மேடை எனக்கு நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தை மட்டும் வகுப்பில் வேகமாக நடத்திவிட்டுப் போவேன்.

புதன்கிழமை திருப்பரங்குன்றம் போய் மொக்கையனைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. என் குரலைக் கேட்டதுமே, "யாரு, தலைவர் மகனா? வாங்க மாப்ள. உங்கப்பன் தொண்டையில பாதி உங்களுக்கு இருந்திருந்தா நீங்க மந்திரியாகியிருப்பீக" என்றார். தீப்பிடித்த அன்று மதியம் அதே திருப்பரங்குன்றத்தில் நாடகக்காரர்கள் கூட்டத்தில் அப்பா பாடிக்கொண்டிருந்தது உண்மை என்றார். எரிந்த தெருவில் குடியிருந்த சுடலை பஸ் பிடித்து வந்து அந்த மேடைக்குக் கீழே நின்றதும் உண்மை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கப்பா பாத்துட்டாரு. நானும் பாத்தேன். வேட்டியெல்லாம் கரி. என்னமோ ஆயிருச்சுன்டு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா எடுத்த பாட்ட முடிக்காம மேடைய விட்டு எறங்குனா ஊருக்கு ஆகாதுன்டு எங்களுக்கெல்லாம் ஒரு நெனப்பு. ரெண்டு அடி மிச்சம் இருந்துச்சு. பாடிட்டுத்தான் எறங்குனாரு. ரெண்டு அடிதான் மாப்ள, அம்புட்டுதான். கீழ நின்டவனுக்கு அது எம்புட்டு நேரமோ."

அவ்வளவுதான் என் ஆதாரம். அப்பா ஊரில் இல்லை, அதனால் அவர் கையால் வைக்கவில்லை. ஆள் வைத்துச் செய்தாரா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை, கனகா. வரப்பு ஒரு சாண் தள்ளிப் போனால் கோர்ட் வரை போகிறவர் அப்பா. ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திருப்பிக் கொடுப்பவர். இந்த ஒரு பழிக்கு மட்டும் சாகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. நான் ஒருமுறை கேட்கத் தொடங்கியபோது, "உன் சோலியப் பாரு" என்று எழுந்து போய்விட்டார். ஏன்?

அன்று மதியம் அம்மா வீட்டில் இருந்தார். நீயும் இருந்தாய். உனக்குப் பன்னிரண்டு வயது, எல்லாம் நினைவு இருக்கும் வயது. அதே மாதம் உன்னைத் திண்டுக்கல் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அன்று யார் வந்தார்கள், யார் போனார்கள், நீ எதைப் பார்த்தாய் என்று எழுது. உன்னைச் சாட்சி போலக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. ஆனால் நம் வீட்டில் வேறு யாரும் மிச்சம் இல்லை. சபைக்கு முன் உன் பதில் வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன்,
பாண்டியராஜன்


விளாங்குடி, மதுரை
28.8.2024

அன்புள்ள கனகாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. போன் செய்தபோது உன் மகன் எடுத்து, "அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறாங்க மாமா, என்ன எழுதுனீங்க?" என்று கேட்டான். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். முதலில் இதைப் படித்துவிடு: சென்ற கடிதத்தில் உன்னிடம் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது கேட்கக்கூடாத கேள்வி என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

சபைக்கு முந்தின நாளே ஊருக்குப் போனேன். ஓடைக்கரையில் தங்கப்பொண்ணுவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைத்தார். தீ வைத்தது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். "ஒனக்குத் தெரியவே தெரியாதாய்யா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பேத்தியைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

"மத்தியானம் எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிட்டாக. நான் கைப்பிள்ளைக்காரி, வீட்டுல கெடந்தேன். வைக்கப்படப்புக்குப் பின்னால ரெண்டு பொம்பளப் பிள்ளைக கல்லுக் கூட்டிச் சோறாக்கி வெளயாண்டுக்கிட்டு இருந்துச்சுக. ஒண்ணு சுடலை மக. இன்னொண்ணு மேலத்தெருப் பிள்ள. அது இங்கன வரக்கூடாதுன்டு அவுக வீட்டுல கட்டு. ஆனா வரும். ரெண்டுக்கும் அம்புட்டு ஒட்டு. காத்து அடிச்சுச்சு, படப்பு புடிச்சுக்கிருச்சு. மேலத்தெருப் பிள்ள பாவாட ஓரம் கருகி ஓடுச்சு. சுடலை மக வெள்ளாட்டுக் குட்டிய அவுத்து விட்டுட்டு வாரேன்டு உள்ள ஓடுச்சு. வரல."

இன்னொரு பிள்ளையின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் சொன்னது இது. "அந்தியில உங்கப்பா வந்தாரு. நான் பாத்ததச் சொன்னேன். என் முன்னால கையக் கூப்புனாருய்யா. எங்க ஆளுக முன்னால அவரு கையக் கூப்புனது அன்னைக்கு ஒரு நாளுதான். 'ஊரு என்னய என்ன வேணாலும் சொல்லட்டும், பிள்ளயச் சொல்ல வேணாம்'னாரு. சரின்டேன். பச்சப்பிள்ளைக்கு என்ன தெரியும்? நானும் பிள்ள பெத்தவதான. அப்பறம் ரெண்டு வருசத்துல அதே எடத்துல கொட்டகையப் போட்டு ஆடப் பாடக் கெளம்பிட்டாரு. எங்களுக்குப் பட்டா இல்ல, பொறம்போக்காம். இந்த ஓடைக்கரைக்குத் தள்ளிவிட்டாரு. ஓட்டு வீடு குடுத்தாரு, இல்லைங்கல. ஒவ்வொரு அடமழைக்கும் சட்டிபானையத் தலையில தூக்கிட்டு நிக்கோம். நெருப்ப நான் அன்னைக்கே விட்டுட்டேன். எடத்தத்தான்யா விட முடியல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பவதாரிணி தண்ணீர்ச் செம்போடு வந்து, "என்னப்பத்தா, ஐயாவ அழ வச்சிட்டியா?" என்றாள். "நான் என்னத்த அழ வச்சேன், வெயிலு கண்ணக் கூசுது" என்றார் தங்கப்பொண்ணு.

அன்று இரவு பங்காளி வீட்டில் தங்கினேன். அப்பாவின் பெயரைத் துடைத்துவிட எனக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. இத்தனை வருஷம் நான் ரோமாபுரியில் தேடியது அதைத்தான். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நீரோ வீடு என்ற பெயர் போய்விடும். அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அப்பா அந்தப் பெயரைச் சுமந்தார் என்று புரிந்தபோது, அவர் மேல் இதுவரை வராத ஒரு மரியாதை வந்தது. கூடவே, கைகூப்பியவரிடமே பிறகு இடத்தையும் எடுத்துக்கொண்டாரே என்று கூச்சமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்று கேட்காதே.

சபையில் நல்ல கூட்டம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு உட்கார்ந்துவிட்டார்கள். பேச வேண்டியதை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூக்குக்கண்ணாடி பங்காளி வீட்டிலேயே இருந்துவிட்டது மைக்கைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது. எழுதியதைப் பார்க்காமலேயே பேசினேன். தீ எப்படிப் பிடித்தது என்று நான் சொல்லப் போவதில்லை என்றேன். உடனே பின்னாலிருந்து ஒருவர், "அப்ப உங்கப்பன்தான் வச்சாருன்டு ஒத்துக்கிறீகளா?" என்று சத்தம் போட்டார். நான் பதில் சொல்லவில்லை. அப்பாவுக்கு எத்தனையோ வருஷம் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. கூட்டத்தில் தங்கப்பொண்ணு இருந்தார். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு சொன்னேன். நெருப்புக்கு ஆதாரம் தேட வேண்டியிருக்கிறது, இடத்துக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை, அது கல்லிலேயே இருக்கிறது என்றேன். எந்த இடத்தில், எந்த வருஷம், யாருடைய முயற்சியால் என்று அப்பாவே வெட்டி வைத்திருக்கிறார். அதை உடைத்தால் அவர் செய்ததும் சேர்ந்து மறைந்துவிடும். ரோமாபுரியிலும் பிடிக்காத ராஜாக்களின் பெயரைக் கல்லிலிருந்து கொத்தி எடுத்தார்கள். இன்று அந்தக் கல்லைப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கொத்திய இடம்தான். ஆனால் வீடிழந்த ஜனங்களின் பெயரை யாரும் எந்தக் கல்லிலும் வெட்டவே இல்லை. அதனால் கல் நூலக வாசலில் நிற்கட்டும், அப்பா பெயரும் இருக்கட்டும், அதற்குக் கீழே அந்த இடத்தில் குடியிருந்த ஏழு வீட்டார் பெயரையும் வெட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பங்காளிகள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். இனி அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எனக்குப் பத்திரிகை வராது என்று நினைக்கிறேன்.

ஏழு வீட்டார் யார் யார் என்று பவதாரிணி கேட்டாள். எங்கேயும் பதிவு இல்லை. அப்போது தங்கப்பொண்ணு எழுந்து, மைக்கை வாங்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். வடக்கு ஓரத்திலிருந்து ஒவ்வொரு குடிசையாக, வாசல் எந்தப் பக்கம், யார் இருந்தார்கள், என்ன பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். முகேஷ் செல்போனில் அடித்துக்கொண்டான். அந்தந்தப் பெயருக்கு அந்தந்தக் குடும்பத்தார் கூட்டத்தில் கையைத் தூக்கினார்கள். சுடலை வீட்டுக்கு வந்தபோது கையைத் தூக்க யாரும் இல்லை. மகள் போன பிறகு அவர் ஊரைவிட்டுப் போனவர்தானே.

அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று பவதாரிணி கேட்டாள். "பொட்டுன்டுதான் கூப்புடுவோம். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு ஒரு நல்ல பேராப் போட்டு விட்டாரு. எங்க வாயில அது நொழையல" என்றார் தங்கப்பொண்ணு. பள்ளியில் பழைய பதிவேடு எதுவும் இல்லை. அப்போது அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்கும் நினைவு இல்லை. கல்லில் பொட்டு என்று வெட்டினால் போதும் என்றார்கள். நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது முகேஷ் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "பரவால்ல ஐயா, பயமில்லாமத்தான் ஏறுறீங்க" என்றான்.

கனகா, நீரோ செத்த பிறகு நடந்த ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. ஊரே அவன் செத்ததைக் கொண்டாடியது. ஆனால் வெகுகாலம் வரை, வசந்தத்திலும் கோடையிலும், யாரோ சிலர் அவன் சமாதியில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். யார், ஏன் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் கேட்ட மாணவர்களுக்கு ஏதேதோ காரணம் சொல்லியிருக்கிறேன். இப்போது தோன்றுகிறது, ஊருக்குத் தெரியாத ஒரு நன்மையை அவனிடம் யாரோ பெற்றிருப்பார்கள். அப்பாவின் குழிமேட்டில் இதுவரை யாரும் பூ வைத்ததில்லை. நான் வைத்ததும் கடமைக்குத்தான்.

கல் வெட்டுகிறவர் ஆறு வீட்டுப் பெயர்களை முடித்துவிட்டார். சுடலை பெயருக்கு அடியில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை உன் வகுப்பு. உன் பெஞ்சு என்றுகூட அம்மா ஒருமுறை சொன்ன ஞாபகம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் போட்ட பெயர் உனக்குத் தெரியும். அதை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்பு. விளக்கம் வேண்டாம், வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். நான் இனி எதுவும் கேட்கப் போவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சோறாக்கி விளையாடியதை விசாரிக்கும் சபை எந்த ஊரிலும் இல்லை. தங்கப்பொண்ணு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "மேலத்தெருப் பிள்ள நல்லா இருக்கா? ஒரு தரம் வரச் சொல்லுய்யா" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பையும் மனசையும் வருத்திக்கொள்ளாதே. இத்தனை வருஷம் அப்பா உனக்காகப் பேசாமல் இருந்தார், இனி நானும் இருப்பேன். நீ நன்றாக இரும்மா. அந்தப் பெயரை மட்டும் எழுது.

என்றும் உன் நலம் விரும்பும்
அண்ணன்,
பாண்டியராஜன்